ஆலங்கட்டி மழையில் வாகனம் சேதமடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நகரிலும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களிலும் வாகனம் வைத்திருப்பவர்கள் கோடை மழைக்குப் பின் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. ஆலங்கட்டி விழுந்த வண்டியில் அன்றைக்கே செய்தாக வேண்டிய வேலைகள் மிகச் சிலவே. மற்றவை எல்லாம் பாலிசியை எடுத்துப் படித்து, கணக்குப் போட்டு, நிதானமாகச் செய்ய வேண்டியவை. மக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். உடைந்த கண்ணாடியை மூடாமல் விட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே டிங்கரிங் பட்டறையில் பட்டி பூசத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கள் பகுதியில் ஆலங்கட்டி மழை எந்த மாதங்களில் பெய்யும்?

பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து மே முடிய, பிற்பகலிலும் முன்மாலையிலும்தான். காலை முதல் காய்ந்த தரையிலிருந்து எழும் சூடான காற்றும், கிழக்கே கடலிலிருந்து உள்ளே வரும் ஈரக்காற்றும் சேரும்போது இடிமேகம் 10 கிலோமீட்டருக்கும் மேலாக வளர்கிறது. நம் பக்கத்து வானில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்தான் உறைநிலைக்குக் கீழான குளிர் இருக்கிறது. அங்கே உருவாகும் பனிக்கட்டி தரைக்கு வந்து சேருவதற்குள் பெரும்பாலும் கரைந்து மழைத்துளியாகிவிடும். மேல்நோக்கி வீசும் காற்று கட்டியை நெடுநேரம் தாங்கிப் பெரிதாக வளரவிட்டால் மட்டுமே அது கட்டியாகவே விழும். அதனால்தான் இங்கே இது அரிது; வந்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; ஓர் ஊரில் கொட்டித் தீர்க்கும்போது பக்கத்து ஊரில் தூறல்கூட இருக்காது. இந்தக் கடைசிச் செய்தி, பின்னால் இழப்பீடு கேட்கும்போது உங்களுக்குத் தேவைப்படும்.

பட்டாணி அளவுக் கட்டி வண்டியை ஒன்றும் செய்வதில்லை. ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், அதாவது 10 ரூபாய் நாணயத்தின் அகலத்தை நெருங்கினால்தான் தகட்டில் ஒடுக்கு விழத் தொடங்கும். அந்த அளவுக் கட்டி மணிக்கு 40 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வந்து விழுகிறது.

வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெய்தால் என்ன செய்வது?

வேகத்தைக் குறையுங்கள். கட்டி விழும் வேகத்தோடு வண்டியின் வேகமும் சேர்ந்துதான் முன்கண்ணாடியில் மோதுகிறது என்பதால், நான்குவழிச் சாலையில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதே கண்ணாடி உடைய முதல் காரணம். பெட்ரோல் பங்கின் கூரை, மண்டபத்தின் முகப்பு போன்ற இடம் அருகில் இருந்தால் ஒதுங்கலாம். இல்லையென்றால் சாலையை விட்டு நன்றாக இறங்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, கட்டி அடிக்கும் திசைக்கு வண்டியின் முகம் இருக்குமாறு நிறுத்துங்கள். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; அடி வாங்கினால் விரியும், ஆனால் உள்ளே கொட்டாது. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலான வண்டிகளில் ஒற்றைத் தகடு; உடைந்தால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக இருக்கையெங்கும் சிதறும்.

மேம்பாலத்துக்கு அடியில் நடுச்சாலையில் நிறுத்துவதும், புளியமரத்தடியில் ஒதுங்குவதும் வேண்டாம். முதலாவதில் பின்னால் வரும் லாரி வந்து மோதும். இரண்டாவதில் கிளை முறிந்து விழும். இடியும் மின்னலும் இருக்கும்போது மூடிய காருக்குள் இருப்பதே பாதுகாப்பு. வண்டியைக் காப்பாற்றப் போர்வையோடு வெளியே இறங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

மழை விட்டதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடிகள், விளக்குகள், தண்ணீர் உள்ளே புகுந்த இடங்கள் ஆகிய மூன்றையும்தான். ஒடுக்கு அப்புறம்.

பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுக்குக் கீழே, மழைநீர் வடிவதற்கான துளைகள் இருக்கின்றன. காற்றில் உதிர்ந்த வேப்பிலையும் புளிய இலையும் பனிக்கட்டியோடு சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் ஏசி புளோயர் வழியாக உட்புறம் இறங்கி, இடப்பக்கக் கால்மிதியடியை நனைக்கும். அந்தத் தட்டைக் கையால் துழாவிச் சுத்தம் செய்துவிட்டு, மிதியடியைத் தூக்கிக் கீழே ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மேற்கூரையில் கண்ணாடித் திறப்பு உள்ள வண்டியென்றால் அதன் விளிம்பிலுள்ள வடிகால்களையும் பார்க்க வேண்டும்.

கண்ணாடி உடைந்துவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே விட வேண்டுமா?

வேண்டாம். மேலும் சேதம் ஏற்படாமல் வண்டியைக் காப்பது உங்கள் கடமை என்று மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளே சொல்கின்றன. முதலில் படம் எடுங்கள். பிறகு கண்ணாடித் துகள்களை அகற்றி, தடித்த பாலிதீன் தாளைக் கதவுச் சட்டத்தின் வெளிப்புறம் டேப் போட்டு ஒட்டுங்கள். டேப் செலவுக்கான ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். செய்யக் கூடாதது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் புதுக் கண்ணாடி மாற்றுவதும் ஒடுக்கு எடுப்பதும்தான்.

முன்கண்ணாடியில் சிறு தெறிப்பு மட்டும் விழுந்திருந்தால், அதன்மேல் ஒளிபுகும் செல்லோடேப் ஒன்றை ஒட்டித் தூசியும் நீரும் உள்ளே போகாமல் வையுங்கள். கீறல் பரவுவதற்குள் பிசின் செலுத்தி அடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், முழுக் கண்ணாடியை மாற்றாமல் தப்பிக்கலாம். மே மாத வெயிலில் நின்று சுட்ட கண்ணாடியின் மேல் ஏசியை முழு வேகத்தில் திறந்துவிட்டால், அந்தச் சிறு தெறிப்பிலிருந்து கீறல் நம் கண்ணெதிரே ஓடும். ஆகவே கதவுகளைத் திறந்து சூட்டைப் போக்கிவிட்டு, மெல்ல ஏசியைக் கூட்டுங்கள்.

முழுக் கண்ணாடியையும் மாற்றினால், ஒட்டும் பசை இறுக மெக்கானிக் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். முதல் நாள் ஒரு சன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தே கதவைச் சாத்துங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்று கண்ணாடியைத் தள்ளும்.

ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

உச்சி வெயிலில் பார்த்தால் தெரியாது. வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, இரவில் ஒரு டியூப்லைட்டின் கீழே நிறுத்துங்கள். பானட்டின் மேல் அந்த விளக்கு ஒரு நேர்வெள்ளைக் கோடாகப் பிரதிபலிக்கும். நீங்கள் மெல்ல நகர்ந்தால் கோடும் நகரும். ஒடுக்கு உள்ள இடத்தில் அந்தக் கோடு சட்டென்று வளைந்து, சிறு வளையமாகி, மறுபடி நேராகும். கையால் தடவிப் பார்ப்பதைவிட இது துல்லியமானது. டிங்கர்கள் செய்வதும் இதைத்தான். விளக்கு வசதி இல்லையென்றால், காலை 7 மணிக்கு முன் சாய்வாக விழும் வெயில் போதும்.

ஒவ்வொரு ஒடுக்கையும் கழுவினால் போகும் சாக்பீஸால் சுற்றி வட்டமிட்டு, முழு வண்டி, ஒவ்வொரு பாகம், ஒவ்வொரு ஒடுக்கு என்ற வரிசையில் படம் எடுங்கள். எண் பலகை தெரியும் படம் கட்டாயம் இருக்க வேண்டும். மழை பெய்த நேரத்திலேயே, தரையில் கிடக்கும் கட்டியின் பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்திருந்தால் அது மிக நல்ல சான்று. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் கட்டியின் அளவு தானே புலப்படும். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரோடு செய்தி வந்திருந்தால் அதையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மதுரை விமான நிலையத்திலுள்ள வானிலை ஆய்வு நிலையத்தில் அன்று ஆலங்கட்டி பதிவாகாமல் இருந்திருக்கலாம். மழை உசிலம்பட்டியில் மட்டும் பெய்திருந்தால் அது இயல்பே. அப்போது உங்கள் படங்களும் செய்தித் துணுக்கும்தான் பேசும்.

என் பாலிசியில் இதற்கு இழப்பீடு உண்டா?

சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பு இருந்தால் உண்டு. தீ, திருட்டு, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு ஆலங்கட்டி மழையும் அந்தக் காப்பின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் நபர் காப்பு மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அந்த மூன்றாம் நபர் காப்பை மட்டுமே. அது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு 3 ஆண்டுகளுக்கும் புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த காகிதத்தில் ‘5 ஆண்டு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, வண்டிக்கு எல்லாமே ஐந்தாண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான பாலிசிகளில் சொந்தச் சேதக் காப்பு முதல் ஆண்டோடு முடிந்துபோயிருக்கும். பாலிசியை எடுத்து, ஒவ்வொரு காப்புக்கும் தனித்தனியே அச்சிட்டிருக்கும் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பாருங்கள். சொந்தச் சேதக் காப்பை மட்டும் தனியாக வாங்கும் வசதி 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் மழை பெய்த பிறகு வாங்கினால் பழைய சேதத்துக்குச் செல்லாது; இடைவெளி விட்டுப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரிலோ படத்திலோ பார்த்த பிறகே தருவார்கள்.

பழைய கார் வாங்கி ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்ஷூரன்ஸ் முன்னாள் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் காப்பு சட்டப்படி தானாகவே புதியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பு அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டால், ஆலங்கட்டிச் சேதத்தைக் கேட்கப் பழையவருக்கு வண்டி இல்லை, உங்களுக்குப் பாலிசி இல்லை. மதுரையில் பழைய கார் வாங்கித் தரும் புரோக்கர்கள் ஆர்.சி. மாற்றத்தை முடித்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதால், இதை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கிளைம் எப்படிப் போடுவது? காவல் நிலையத்தில் புகார் எழுத வேண்டுமா?

பிறருக்குக் காயமோ சேதமோ இல்லாத ஆலங்கட்டிச் சேதத்துக்குப் பொதுவாகக் காவல் புகார் தேவைப்படுவதில்லை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணிலோ செயலியிலோ அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, தகவல் சொல்லிக் கிளைம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நடந்த நாள், நேரம், வண்டி நின்ற இடம் ஆகியவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். பாலிசி, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பட்டறையின் மதிப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டறையில் விட்டால் உங்கள் பங்கை மட்டும் கட்டலாம். வேறு பட்டறையென்றால் முழுப் பணத்தையும் நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சேதம் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். அதற்குக் கீழே படங்களை வைத்தே முடித்துவிடுவதும் உண்டு. சர்வேயர் வரும் நேரத்தில் நீங்களோ விவரம் தெரிந்த ஒருவரோ பக்கத்தில் இருப்பது நல்லது. மேற்கூரையை ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல் போய்விட்டால், அங்குள்ள ஒடுக்குகள் அறிக்கையில் ஏறாது. முன்பே இருந்த பம்பர் கீறலையும் கதவு நெளிவையும் இதோடு சேர்த்துவிடலாமே என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள்; கேட்காதீர்கள். ஆலங்கட்டி மேலிருந்து விழுவது. கதவின் அடிப்பகுதியில் நீளவாக்கில் கீறல் போடாது. அதைச் சர்வேயர் ஒரே பார்வையில் கண்டுகொண்டு, உண்மையான ஒடுக்குகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

செலவு முழுவதும் கிடைக்குமா?

கிடைக்காது. முதலில் கட்டாயமாக உங்கள் பங்கு ஒன்று உண்டு: 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 100 ரூபாய். பிரீமியத்தைக் குறைப்பதற்காக நீங்களே கூடுதல் பங்கு ஏற்றிருந்தால் அதுவும் சேரும்.

அடுத்தது தேய்மானம். மாற்றும் பாகம் கண்ணாடியென்றால் தேய்மானம் இல்லை. ஆலங்கட்டிச் சேதத்தில் இது பெரிய ஆறுதல். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதமும் பிடிப்பார்கள். பானட் போன்ற உலோகப் பாகத்தையே மாற்றினால் வண்டியின் வயதைப் பொறுத்துப் பிடித்தம் ஏறும்: 6 மாதம் வரை எதுவுமில்லை, மூன்றிலிருந்து நான்காண்டுக்குள் 25 சதவீதம், ஐந்திலிருந்து பத்தாண்டுக்குள் 40 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். பெயின்ட் வேலைக்கு ஒரே தொகையாகப் பில் இருந்தால், அதில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். 16,000 ரூபாய் பெயின்ட் பில்லில் 4,000 பொருள், அதில் 2,000 கழிவு. ஒடுக்கு எடுக்கும் கூலிக்குத் தேய்மானம் கிடையாது.

பேச்சுவழக்கில் ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்லும் தேய்மானமற்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவுகள் வராது. கட்டாயப் பங்கு மட்டும் வரும்.

கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடுமே? கையிலிருந்து செலவழிப்பது லாபமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதற்குக் கணக்குப் போடாமல் விடை சொல்லக் கூடாது.

கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கேற்ப, பிரீமியத்தில் கழிவாகக் கிடைக்கும் இந்தப் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிறது. ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது சுழியமாகி, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே இந்தக் கழிவு பொருந்தும்; மூன்றாம் நபர் பிரீமியத்தில் மாற்றமில்லை. 50 சதவீதப் படியில் இருப்பவர் கிளைம் போட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் இழப்பது முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125 சதவீதம். அதாவது, போனஸ் கழிக்காத ஓராண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் குறைந்து, உண்மையான இழப்பு இதற்குச் சற்றுக் கீழே நிற்கும்.

ஆறாண்டு ஓடிய, 1,200 சி.சி. கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போனஸ் கழிக்காத சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், கிளைம் போடுவதால் வரும் இழப்பு சுமார் 10,000 ரூபாய். பானட்டிலும் கூரையிலும் ஒடுக்கு எடுக்கக் கூலி 6,000, பெயின்ட் 16,000, ஆக 22,000 ரூபாய் பில். பெயின்ட் கழிவு 2,000, கட்டாயப் பங்கு 1,000 போக 19,000 கையில் வரும். 10,000 இழந்து 19,000 பெறுவதால் கிளைம் போடலாம். அதே வண்டியில் பெயின்ட் கலையாமல் ஒடுக்கு மட்டும் எடுக்க 9,000 என்றால், வருவது 8,000, போவது 10,000. அப்போது கையிலிருந்து கொடுப்பதே நல்லது. உங்கள் பாலிசியிலுள்ள எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

இதில் மூன்று விதிவிலக்குகள். இதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டிருந்தால், போனஸ் போய்விட்டது. இரண்டாவது கிளைமால் புதிய இழப்பு அநேகமாக இல்லை. போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். முதல் படியிலேயே இருப்பவருக்கு இழப்பு இதைவிடக் குறைவு. ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: கிளைமை மறைத்து, வேறு நிறுவனத்தில் பழைய போனஸைச் சொல்லிப் புதுப்பிப்பது. நிறுவனங்கள் தங்களுக்குள் விசாரித்துக்கொள்கின்றன. பிடிபட்டால் அடுத்த கிளைமே நிராகரிக்கப்படும்.

பட்டி பூசி பெயின்ட் அடிப்பது, பெயின்ட் கலையாமல் ஒடுக்கு எடுப்பது: எது நல்லது?

பெயின்ட் விரியாத, வட்டமான, ஆழம் குறைந்த ஒடுக்கு என்றால் இரண்டாவதே நல்லது. ஆலங்கட்டி ஒடுக்குகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். வளைந்த கம்பிகளைத் தகட்டின் பின்பக்கம் விட்டு, விளக்கின் பிரதிபலிப்பைப் பார்த்துக்கொண்டே மிகச் சிறு அழுத்தங்களாகக் கொடுத்து மேலே தள்ளுவார்கள். கம்பி எட்டாத இடத்தில் பிசின் கொண்டு சிறு பிடியை ஒட்டி வெளியிலிருந்து இழுப்பார்கள். ஓர் ஒடுக்குக்கே நூற்றுக்கணக்கான தொடுதல்கள் தேவைப்படலாம் என்பதால், இதில் கை பழகியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். வேலை செய்து முடித்த பானட் ஒன்றை டியூப்லைட்டின் கீழே காட்டச் சொல்லுங்கள். கோடு நேராக ஓடினால் நம்பலாம்.

தகட்டின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டின் மேலும் விழுந்த ஒடுக்கு இம்முறைக்கு எளிதில் மசியாது. அலுமினியப் பானட்டும் இரும்பைப் போல இணங்காது. கூரைக்கு வேலை செய்ய உட்புறச் சீலிங்கை இறக்க வேண்டியிருக்கும். பக்கத்திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அவை கூரையின் ஓரத்திலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்த வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

பெயின்ட் விரிந்திருந்தால் வேறு வழியில்லை. தேய்த்து, பட்டி பூசி, பிரைமர் அடித்து, பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். அப்போதும் பட்டியின் கனத்தில் கவனம் தேவை. ஒடுக்கைப் பாதிகூட எடுக்காமல் பட்டியால் நிரப்பிவிட்டால், இரண்டு கோடைகளில் வெயில் பட்டுப் பட்டு அது விரியும். கூரையும் பானட்டும்தான் வெயிலை நேராக வாங்கும் பாகங்கள். விற்கும்போதும் இது பேசும். கூரையில் கம்பெனி பெயின்ட் இல்லாத காரைப் பார்த்ததும், வண்டி உருண்டிருக்குமோ என்று வாங்குபவர் நினைப்பார். ஆகவே பட்டறையில் விடும் முன் எடுத்த படங்களையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வெந்நீர் ஊற்றினால், ஐஸ் வைத்தால் ஒடுக்கு தானே வெளியே வருமா?

வராது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்தில் வெந்நீர் ஓரளவு உதவும். இரும்புத் தகட்டில் விழுந்த ஆலங்கட்டி ஒடுக்குக்கு இல்லை. ஒடுக்கின் மேல் ரப்பர் உறிஞ்சியை வைத்து இழுப்பதும் சிறு ஒடுக்கில் பிடிப்பதில்லை.

சரி செய்யாமலே விட்டுவிடலாமா?

பெயின்ட் விரியவில்லையென்றால் தாராளமாக விடலாம். வண்டியின் ஓட்டத்துக்கோ பாதுகாப்புக்கோ எந்தக் குறையும் வராது. பத்தாண்டு ஓடிய வண்டிக்கு இதுவே சரியான முடிவாகப் பல நேரம் இருக்கும். பெயின்ட் விரிந்து இரும்பு தெரிந்தால் மட்டும், ஐப்பசி மழைக்கு முன்னதாகவாவது அந்த இடத்தைத் தேய்த்து மூடிவிடுங்கள். கிளைம் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு சரி செய்யாமல் விட்டால், அடுத்த முறை அதே பாகத்துக்குப் பணம் கேட்க முடியாது.

குட்டியானை, ஆட்டோ, டாக்சிக்கும் இதே விதிகளா?

இல்லை; சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். டாக்சி நீங்கலான வணிக வாகனங்களின் வழக்கமான பாலிசியில், வண்டி முழுவதுமாக அழிந்தாலொழிய, விளக்குகள், மட்கார்டு, பானட்டின் பக்கப் பாகங்கள், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. ஆலங்கட்டி அடிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஐ.எம்.டி. 23’ என்ற சேர்க்கையை வாங்கினால்தான் இவையும் காப்புக்குள் வரும். பாலிசித் தாளில் சேர்க்கைகளின் வரிசையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுத்தாவணி சந்தைக்குத் தினமும் காய்கறி ஏற்றும் வண்டிகளில்கூடப் பலவற்றின் பாலிசியில் இது இருப்பதில்லை. ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றிவிடுவது இதைத்தான்.

இருசக்கர வாகனத்துக்கு?

ஹெட்லைட், மீட்டர் கண்ணாடி, பக்கக் கண்ணாடி ஆகியவைதான் முதலில் போகும். பெட்ரோல் டாங்கில் ஒடுக்கு விழுந்தால், அதைக் கழற்றி, காலி செய்து, ஆவி போக நன்றாக அலசிய பிறகே சூடு காட்டும் எந்த வேலையும் செய்யப்பட வேண்டும். சாலையோரப் பட்டறைகளில் அவசரப்படுத்தாதீர்கள். சேதத் தொகை பெரும்பாலும் போனஸ் இழப்பைவிடச் சிறிதாகவே இருக்கும்.

ஆலங்கட்டியோடு வீசிய காற்றில் கிளையோ தகரமோ விழுந்தால்?

அதுவும் சொந்தச் சேதக் காப்பில் அடங்கும். உண்மையில் நம் பகுதியில் கோடை மழை வண்டிகளைப் பாழாக்குவது கட்டியாலன்று, காற்றால்தான்: சாலையோரப் புளியங்கிளை, சோழவந்தான் பக்கத்துத் தென்னை மட்டை, மாடியில் ஆணி தளர்ந்த தகரம், சந்திப்புகளில் கட்டிய பேனர் சட்டம். கிளை வண்டியின் மேல் கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். அகற்றிய பிறகு எடுத்த படத்தில் காரணம் தெரியாது. பக்கத்து வீட்டுத் தகரம் என்றால் உங்கள் பாலிசியில் கிளைம் போட்டுவிட்டு, அவரோடு சண்டைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை, பணம் கொடுத்த நிறுவனத்துக்கு உண்டு.

கார் கவர் போட்டால் தடுக்குமா?

சாதாரணக் கவர் தூசியையும் வெயிலையும் தடுக்கும், கட்டியைத் தடுக்காது. இரண்டு தடித்த ஜமுக்காளங்களைக் கூரையிலும் பானட்டிலும் விரித்து, அதன் மேல் கவரைப் போட்டுக் கட்டினால் ஓரளவு தாங்கும். ஆனால் இதை மேகம் கறுக்கும்போதே செய்ய வேண்டும். வானிலை ஆய்வுத் துறை அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக இடிமழை எச்சரிக்கை வெளியிடுகிறது. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் தமுக்கத்தைச் சுற்றித் திறந்தவெளியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். பழைய சிமென்ட் ஷீட் கொட்டகை பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். பெரிய கட்டி அடித்தால் ஷீட்டே உடைந்து காரின் மேல் விழும்.

மழையோடு தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. அதுவும் இதே கிளைமில் சேருமா?

ரயில் பாலங்களுக்கு அடியில், மணிநகரம் கர்டர் பாலம் போன்ற இடங்களில், அரை மணி நேர மழையிலேயே தண்ணீர் தேங்கும். அதில் வண்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவந்து, இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் உறிஞ்சிய இன்ஜினை இயக்கியதால் கெட்டது என்று தெரிந்தால், இன்ஜினுக்கான கூடுதல் காப்பு இல்லாத பாலிசியில் பணம் தர மறுப்பார்கள். ஆலங்கட்டி ஒடுக்கு, தண்ணீர்ச் சேதம் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மழையில் நேர்ந்திருந்தால் ஒரே நிகழ்வாக எழுதிக் கொடுங்கள். கட்டாயப் பங்கும் ஒருமுறைதான் பிடிக்கப்படும்.

கிளைமை மறுத்துவிட்டார்கள், அல்லது மிகக் குறைவாகத் தருகிறார்கள். எங்கே போவது?

முதலில் மறுப்பையும் கணக்கீட்டையும் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பாகம் விட்டுப்போயிருக்கிறது, எந்தப் பிடித்தம் தவறு என்று குறித்து, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதற்குப் பதிலாக மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஒரே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்துவிட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோனால் அவர் ஏற்கமாட்டார் என்பதால், சில ஆயிரம் ரூபாய்த் தகராறுக்கு முதலில் குறைதீர்ப்பாளரிடமே போங்கள்.